டைல்ஸ் கடைக்குப் போகும் முன்னால் தரையைப் பாருங்கள்

வீட்டைப் புதுப்பிக்க முடிவெடுத்தவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் டைல்ஸ் கடைதான். நாலுக்கு ரெண்டு டைல்ஸை விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று சாய்த்து வைத்திருப்பார்கள், பார்த்ததும் பிடித்துப்போகும், அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்து அப்புறம்தான் கொத்தனாருக்குப் போன் போடுவது. இந்த வரிசையே தப்பு. நம் கொங்குப் பக்கத்தில் கெட்டுப்போன தரைகளில் டைல்ஸின் மேல் குற்றம் சொல்லக்கூடியவை ரொம்பக் குறைவு. அடியில் இருந்த ஈரமோ, கலவையில் போன உப்புத் தண்ணீரோ, முகூர்த்தத் தேதியோதான் காரணமாக இருக்கும். எந்த டைல்ஸ் என்பது நாலாவது ஐந்தாவது கேள்வி. இந்தத் தரைக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

"கொங்கு நாடு வறண்ட பூமியாச்சே, இங்க ஏதுங்க ஈரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரையில் ஈரோட்டிலோ கரூரிலோ நின்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று பொள்ளாச்சி, கோவைப் பக்கம் நுழைகிறது, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. கோபியில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களை ஒட்டிய வீடுகள், ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய வீடுகள், கீழ்பவானிப் பாசனத்தில் வயலுக்கு நடுவே இருக்கும் தோட்டத்து வீடுகள், இவற்றில் எல்லாம் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் கிணறு ஏறும், தரைக்குக் கீழே ஓதமும், அதாவது மண்ணின் ஈரமும், ஏறும். கடலோர ஊர்களில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே புழுக்கம். நமக்கு நாலு மாதம் காய்ச்சி எடுத்துவிட்டு அப்புறம் நனைக்கும். இப்படி மாறி மாறி அடிப்பது தரைக்கு ஆகவே ஆகாது. அதனால் சென்னையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் போட்டது நன்றாக இருக்கிறது என்பதற்காக அதையே இங்கேயும் போட்டுவிட வேண்டாம்.

தரை ஈரமாகிறது என்றால் அது மூன்று வழியில் வரலாம். மண்ணிலிருந்து மேலே ஏறும் ஓதம், காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த தரையில் படிந்து வேர்ப்பது, எங்கேயாவது குழாய் கசிவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் பணம் மட்டும்தான் போகும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கனமான பாலித்தீன் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரமாக வெட்டி, தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் துளித்துளியாக நீர் கோத்திருந்தாலோ, மூடியிருந்த இடம் மட்டும் நிறம் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழேயிருந்து வருகிறது. அடிப்பக்கம் காய்ந்திருந்து, ஷீட்டின் மேலேயும் சுற்றியுள்ள தரையிலும் ஈரம் இருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. ஏற்கெனவே டைல்ஸ் போட்ட தரை என்றால் ஒரு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு அடித்தரையில் இதைச் செய்ய வேண்டும், டைல்ஸ் மேலேயே ஒட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாமல் சமையலறை, பாத்ரூம் சுவரோரம், ஆசாரத்தின் (கூடத்தின்) நடு என்று மூன்று நாலு இடத்தில் ஒட்டுங்கள். இன்னொன்று, இந்தச் சோதனையை ஏப்ரலில் செய்தால் எல்லாத் தரையும் நல்ல தரையாகத்தான் தெரியும். மழை பெய்து ஓய்ந்த பிறகோ, வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சமயத்திலோ செய்தால்தான் உண்மை வெளிவரும்.

குழாய்க் கசிவைப் பார்ப்பது இன்னும் சுலபம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள், காலையில் இறங்கியிருந்தால் தேட வேண்டியதுதான்.

தரை வேர்ப்பது பற்றி ஒரு விஷயம். காற்று 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பின் மேலும் நீர் படியும். ராத்திரி முழுக்க ஏசி ஓடிய அறையின் தரை சுலபமாக அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும். காலையில் கதவைத் திறந்து விட்டதும் வெளிக்காற்று உள்ளே வர, தரை வழுக்க ஆரம்பிக்கும். இதைப் பார்த்துப் பயந்து தரையை உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்தவர்கள் இருக்கிறார்கள், பாவம். இதற்குத் தேவை ஃபேனும் காற்றோட்டமும்தான். ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஃபேனை ஓடவிட்டு அப்புறம் கதவைத் திறந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அங்கே வழவழப்பு டைல்ஸுக்குப் பதில் மேட் ஃபினிஷ் போட்டால் மீதியும் தீரும்.

கீழேயிருந்து ஏறும் ஓதம்தான் உண்மையான தலைவலி, பழைய வீட்டில் அது இரண்டு மடங்கு. சுண்ணாம்புக் காரையிலும் மண்ணிலும் கட்டின அந்தக் காலத்து வீடுகளில் ஈரத்தடுப்பு அடுக்கு என்ற ஒன்றே இருக்காது. ஆனாலும் அப்பாரு காலத்தில் அந்தத் தரை கெடவில்லையே என்றால், ஏறின ஈரம் தரை முழுக்கப் பரவி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் விட்ரிஃபைட் டைல்ஸை ஒட்டினால் பானைக்கு மூடி போட்ட மாதிரிதான், ஈரத்துக்குப் போக வழியில்லை. அது சுவரோரமாக நகர்ந்து சுவரில் ஏறும். தரை மாற்றின மறுவருஷமே சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து, பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். அப்போது பெயிண்டரைத் திட்டுவோம்.

அப்படிப்பட்ட வீட்டில் பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள். தரையை எடுத்து, உள்ளே போட்ட மண்ணைப் பாருங்கள். அஸ்திவாரக் குழியில் தோண்டிய கரிசல் மண்ணையே திருப்பி உள்ளே கொட்டியிருந்தால் அதை முதலில் வெளியே அள்ள வேண்டும், ஏனென்றால் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், அதன் மேல் எந்தத் தரையும் நிற்காது. கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு திமிசு போட்டு இறுக்குங்கள். அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரிக்கணும், இரண்டு ஷீட் சேரும் இடத்தில் அரையடி ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், சுவரோரத்தில் கொஞ்சம் மேலே மடித்து விட வேண்டும். அதற்கு மேல் 3, 4 இஞ்ச் கான்கிரீட். கம்பியோ செருப்புக் காலோ குத்தி ஷீட் கிழிந்தால் போட்டதற்கே அர்த்தமில்லை, அந்த ஒரு நாள் மட்டும் யாராவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. தரை திறந்திருக்கிற இந்தச் சமயத்திலேயே கரையான் மருந்தும் அடித்துவிடலாம், இன்னொரு முறை இந்த வாய்ப்பு வராது.

ஆனால் இதையெல்லாம் செய்யும் முன் வெளியே போய் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இன்றைக்குப் பல தெருக்களில் வீடு பள்ளத்தில் கிடக்கிறது. வாசல் மட்டம் ரோட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே எந்தக் கெமிக்கல் அடித்தும் பயனில்லை, பேஸ்மட்டத்தை உயர்த்துவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரோரத்திலேயே விழுகிறதா, பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா, இவற்றை மாற்ற ஆயிரங்களில்தான் செலவு. உள்ளே தரைக்கு மேல் பூசுகிற எபாக்சி கோட்டிங்கை ஓதமுள்ள தரைக்கு விற்க வருகிறவர்களிடம் ஜாக்கிரதை, கீழேயிருந்து வரும் ஈரம் அதைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

கலவைத் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதேயில்லை. சிறுவாணித் தண்ணீர் வருகிற தெருவில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. பல்லடம், காங்கயம், திருப்பூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவைத் தண்ணீரில் குளோரைடு என்ற உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம், கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை. இந்த எல்லைக்குள் இருந்தாலும் கலவையில் போன உப்பு ஈரத்தோடு சேர்ந்து மேலே வந்து டைல்ஸ் இடுக்கிலும் கிரானைட் ஓரத்திலும் வெள்ளைப் பூவாகப் பூக்கும். தரை வேலைக்குத் தேவைப்படும் தண்ணீர் ஒன்றும் அவ்வளவு அதிகமில்லை, கலவைக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர் லாரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூத்தபின் ஆசிட் ஊற்றுவார்கள். அதைச் செய்ய விடாதீர்கள். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுத்தாலே பெரும்பகுதி போய்விடும். மொசைக், மார்பிள், ஆத்தங்குடிக் கல், ரெட் ஆக்சைடு, சிமெண்ட் இடுக்கு, எல்லாவற்றிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, ஆசிட் அதைத் தின்றுவிடும்.

இனி முகூர்த்தம். ஆடியில் பால் காய்ச்ச மாட்டோம், ஆவணியில்தான் காய்ச்சுவோம். அதனால் ஆடி மாதம் முழுக்கக் கொங்கு நாட்டில் எங்கே பார்த்தாலும் தரை வேலை நடக்கும். அதே ஆடியில்தான் அம்மியே நகரும் என்று சொல்கிற காற்று கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. டைல்ஸ் அடெசிவைத் தரையில் இழுத்து விட்டால் அந்தக் காற்றில் பத்து நிமிஷத்துக்குள்ளேயே மேலே ஏடு கட்டிவிடும். ஏடு கட்டின பசையில் டைல்ஸ் உட்காரும், ஒட்டாது. விரலால் தொட்டுப் பாருங்கள், விரலில் பசை ஒட்டிக்கொண்டு வந்தால் சரி, ஒட்டாமல் விரல் சுத்தமாக வந்தால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், மேலே தண்ணீர் தெளித்து ஏமாற்றக் கூடாது. ஜன்னல்களை அடைத்து வேலை செய்யச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று டைல்ஸுக்கு மட்டும் பசை இழுக்கச் சொல்லுங்கள்.

தை முகூர்த்தத்துக்கு வேறு தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த அடித்தரை மார்கழியில் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரமாகவே இருக்கும். புதிதாகப் போட்ட கான்கிரீட் உலர ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயமாகக் கணக்கு வைப்பார்கள். 3 இஞ்ச் போட்டுவிட்டுப் பத்தாவது நாள் டைல்ஸ் ஒட்டினால் அந்த ஈரம் எங்கே போகும்? சாதாரண டைல்ஸ் கொஞ்சம் தாங்கும், மரத்தரையோ வினைலோ தாங்கவே தாங்காது. இன்னொரு பக்கம், சீக்கிரம் காய வேண்டும் என்று தண்ணீர் விடாமலும் இருக்கக் கூடாது, வெயில் காலத்தில் சாதா சிமெண்ட் என்றால் 10 நாள், பிபிசி போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாள் நனைத்தே வைக்க வேண்டும் என்கிறது அதே ஐஎஸ் 456. என்னைக் கேட்டால் தரை வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சுவதை வைகாசிக்குத் தள்ளுவது உத்தமம். தேதியை ஜோசியரிடம் கேட்கும் முன் கொத்தனாரிடம் கேளுங்கள் என்றால் வீட்டுப் பெரியவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

ஒட்டுகிற முறைக்கு வருவோம். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீர் குடிக்காது, நீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டுகிற பழைய வழி, தண்ணீர் குடிக்கும் செராமிக் டைல்ஸுக்காக ஏற்பட்டது. கலவை மேல் சிமெண்டைத் தூவி, பால் ஊற்றி, விட்ரிஃபைடை ரப்பர் சுத்தியால் தட்டி வைத்தால் முதல் வருஷம் நிற்கும், நாலு கோடை போனதும் தட்டிப் பார்த்தால் டொப் டொப் என்று சத்தம் வரும். அடெசிவ் மூட்டையில் ஐஎஸ் 15477 என்று போட்டிருக்கிறதா, உங்கள் டைல்ஸுக்கும் இடத்துக்கும் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுக்க வேண்டும், பெரிய டைல்ஸ் என்றால் அதன் முதுகிலும் ஒரு பூச்சு பூச வேண்டும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து ஒட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. உருண்டைக்கு நடுவில் இருக்கிற காலி இடத்தின் மேல் கிரைண்டர் கல்லோ கேஸ் சிலிண்டரோ விழுந்தால் டைல்ஸ் உடையும், ஈரமான இடத்தில் அந்தக் காலிகளில் தண்ணீரும் தேங்கும். ஒட்டி ஐந்து நிமிஷத்தில் ஒரு டைல்ஸை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். இதற்குக் கொத்தனார் கோபப்பட்டால் அது ஏன் என்று யோசியுங்கள். சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்போதே இதையும் பேசிவிட்டால் சண்டை வராது.

இடுக்கே தெரியாமல் ஒட்டணும் என்று கேட்பது நாம்தான், இதில் கொத்தனாரைச் சொல்லிக் குற்றமில்லை. கீழே கான்கிரீட் காலப்போக்கில் சுருங்கும், மேலே டைல்ஸ் சூட்டில் விரியும். 10 மீட்டர் நீளமுள்ள தரை 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் விரியும். சின்ன அளவுதான், ஆனால் சுவரோடு சுவராக இறுக்கி ஒட்டியிருந்தால் அது போக இடமில்லாமல் ஏதோ ஒரு சித்திரை மத்தியானத்தில் நடு ஆசாரத்தில் இரண்டு டைல்ஸ் கூரை மாதிரி எழும்பி நிற்கும், சத்தம் கேட்டு வெடி என்று ஓடி வருவார்கள். உள்ளே 2 மில்லிமீட்டர் ஸ்பேசர், மொட்டை மாடியிலும் போர்டிகோவிலும் அதைவிட அதிகம், சுவரோரம் சுற்றிலும் 5, 6 மில்லிமீட்டர் விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடிக்கொள்ளலாம். ஒட்டிய அன்றே இடுக்கை அடைக்காமல் ஒரு நாள் விடுங்கள். பாத்ரூமிலும் சமையலறையிலும் இடுக்குக்கு எபாக்சி போட்டால் மஞ்சளும் எண்ணெயும் ஏறாது.

நாலுக்கு ரெண்டு டைல்ஸில் நடுப்பகுதி லேசாக வளைந்திருப்பது சகஜம். இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால் தெரியும். அதைச் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால் ஒன்றின் மேடு இன்னொன்றின் ஓரத்தோடு சேர்ந்து கால் கட்டைவிரலைத் தட்டும். தள்ளி ஒட்டத்தான் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு போதும்.

பழைய டைல்ஸ் அல்லது மொசைக்கின் மேலேயே புதிது போடுவது, ஓதம் இல்லாத வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். தட்டிப் பார்த்து டொப் சத்தம் வருகிறதைப் பெயர்த்துவிட்டு, வருஷக்கணக்கில் ஏறிய மெழுகையும் எண்ணெயையும் எடுத்து, பரப்பைக் கொத்தியோ கிரைண்டிங் செய்தோ சொரசொரப்பாக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் உயரும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள், கதவு உரசும், பாத்ரூம் நிலைப்படியும் படிக்கட்டின் கடைசிப் படியும் உயரம் மாறும். மாடியில் என்றால் கலவை போட்டு ஒட்டவே கூடாது, 2 இஞ்ச் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ, பழைய ஸ்லாப் மேல் அதை ஏற்றும் முன் இன்ஜினியர் ஒருவரைப் பார்க்கச் சொல்லணும். ரெட் ஆக்சைடு தரை நல்லபடியாக இருந்தால் அதை மூடாதீர்கள் என்பேன், அந்தப் பளபளப்பையும் குளிர்ச்சியையும் எந்த டைல்ஸும் தராது, இன்றைக்கு அதைப் போடத் தெரிந்த ஆளும் சுலபத்தில் கிடைப்பதில்லை.

மரத்தரை ஆசை இருப்பவர்களுக்கு: லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள், தண்ணீர் பட்டால் ஓரம் உப்பும், காய்ந்தாலும் திரும்பாது. எஸ்பிசி, அதாவது கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த பலகை, தண்ணீரைத் தாங்கும், ஆனால் மேற்கு ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் விரியும். இரண்டுக்கும் சுவரோரம் 8, 10 மில்லிமீட்டர் விட வேண்டும். ஓதம் இருக்கிற தரைத்தளத்தில் இரண்டும் வேண்டாம், மாடி அறைக்குப் போடலாம்.

பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, ஓட்டையை அடைத்துத் தண்ணீரைக் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ் அறைக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். குளிக்கிற இடத்தில் வாட்டம் ஒரு அடிக்குக் கால் இஞ்ச் இருக்கட்டும். வாட்டத்தை டைல்ஸில் கொடுத்துக்கொள்ளலாம் என்பார்கள், அடித்தரையிலேயே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கு வழியாக இறங்கின தண்ணீர் அடியிலேயே நிற்கும். கூலி கொடுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நீங்களே பாருங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்க்கணும், ஒட்டின பிறகு கடைக்காரர் மாற்றித் தர மாட்டார். வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்கிவிட்டு, அது போக ஒரு முழுப் பெட்டியைப் பிரிக்காமல் அட்டாலியில் ஏற்றி வையுங்கள். மூன்று வருஷம் கழித்துப் பாத்ரூம் குழாய்க்காக இரண்டு டைல்ஸ் உடைக்க நேர்ந்தால் அந்த டிசைன் கடையில் இருக்காது.